பாறைத் தீவில் ஒளியேற்றியவர்

சிங்கப்பூரில் தாம்சன் என்னும் பெயரைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. தாம்சன் சாலை வழியாக நாள்தோறும் ஆயிரக்கணக்கான வாகனங்கள் செல்கின்றன. தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையிலும் அப்பெயர் இடம்பெற்றுள்ளது. ஆனால், அந்தப் பெயருக்கு உரியவர் யார், அவர் இந்தத் தீவுக்கு என்ன செய்தார் என்று கேட்டால் பலருக்கு விடை தெரியாது.

அவர் ஜான் டர்ன்புல் தாம்சன். நில அளவையாளர், பொறியாளர், ஓவியர், எழுத்தாளர் எனப் பல திறமைகள் கொண்டவர். கிழக்கே நடுக்கடலில் உள்ள ஒரு பாறையின் மீது கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர். அந்த விளக்கத்திற்கான கல்லைத் தந்தது, சிங்கப்பூருக்கு வடகிழக்கே உள்ள புலாவ் உபின் தீவு. அவருடைய வாழ்க்கையை அறிந்துகொண்டால் அந்தத் தீவையும் நாம் புதிய கண்களோடு பார்ப்போம்.

இளமைக் காலம்

தாம்சன் 1821-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நார்தம்பர்லேண்ட் மாவட்டத்தில் பிறந்தார். அவர் பிறந்த குளோரோரம் என்னும் சிற்றூர், பாம்பரோ கடற்கரைக்கு அருகில் உள்ளது. அந்தக் கரையில் நின்று பார்த்தால் ஃபார்ன் தீவுகள் தெரியும். அவை மரங்கள் அடர்ந்த தீவுகள் அல்ல. குளிர்ந்த வடகடலில் கருமையாக எழுந்து நிற்கும் பாறைத் தீவுகள். கடற்பறவைகள் அங்கே கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். கடல்நாய்கள் பாறைகளில் படுத்திருக்கும். காண்பதற்கு அழகான அந்தத் தீவுகள், கப்பலோட்டிகளுக்கோ பெரும் ஆபத்தாக இருந்தன. அதனால் அங்கே கலங்கரை விளக்கங்கள் அமைக்கப்பட்டிருந்தன.

தாம்சன் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அதன்பின் தாயார் குடும்பத்தோடு ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். தாம்சன் கணிதத்திலும் வரைகலையிலும் ஆர்வம் கொண்டு படித்தார். பொறியியல் கல்வியும் பெற்றார். 1838-ஆம் ஆண்டில், பள்ளிப் பருவம் முடிந்த சில காலத்திலேயே, பினாங்குக்குக் கப்பலேறினார். இன்று நம்மில் பலர் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வயது அது. பினாங்கில் தோட்ட நிலங்களை அளக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. காட்டிலும் சேற்றிலும் நடந்து நிலத்தை அளந்த அந்த ஆண்டுகள் அவருக்கு நல்ல பயிற்சியாக அமைந்தன.

சிங்கப்பூரில் ஒரு நில அளவையாளர்

1841-ஆம் ஆண்டு தாம்சன் சிங்கப்பூரின் அரசாங்க நில அளவையாளராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 20 மட்டுமே. சில ஆண்டுகளில் சாலைகளையும் பொதுப் பணிகளையும் கவனிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது.

அன்றைய சிங்கப்பூர் நாம் இன்று காணும் நகரம் அன்று. ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டியே மக்கள் நெருங்கி வாழ்ந்தார்கள். இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் பகுதி ஊருக்கு வெளியே இருந்தது. சிராங்கூன் சாலையின் ஓரங்களில் வயல்வெளிகளும் செங்கற் சூளைகளும் இருந்தன. 1840களில் அதன் அருகே குதிரைப் பந்தயத் திடல் உருவானது. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. இப்படி வளர்ந்துகொண்டிருந்த ஊரின் தெருக்களையும் நிலங்களையும் தாம்சன் அளந்து வரைபடமாக்கினார். நகரை மட்டும் அன்றி, சுற்றியுள்ள கடலையும் அவர் விட்டுவைக்கவில்லை. சிங்கப்பூர் நீரிணையின் ஆழங்களையும் பாறைகளையும் அளந்து 1846-இல் ஒரு வரைபடம் தயாரித்தார்.

கட்டடங்களையும் அவர் வடிவமைத்தார். வள்ளல் டான் டோக் செங்கின் கொடையால் பேர்ல்ஸ் குன்றில் ஏழை நோயாளிகளுக்காக எழுந்த மருத்துவமனை அவற்றுள் ஒன்று. எம்பிரஸ் பிளேஸ் பகுதியில் இன்றும் நிற்கும் டல்ஹௌசி நினைவுத் தூணும் அவருடைய வடிவமைப்பே. அந்தத் தூணில் ஆங்கிலம், சீனம், ஜாவி, தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் வாசகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சிங்கப்பூரில் தமிழ் எவ்வளவு காலமாகப் பொதுவிடங்களில் இடம்பெற்று வருகிறது என்பதற்கு அது ஒரு சான்று.

தாம் வேலை செய்யும் மண்ணின் மொழியை அறியாமல் அம்மண்ணை அறிய முடியாது என்பதைத் தாம்சன் உணர்ந்திருந்தார். ஆகவே, மலாய் மொழியை முன்ஷி அப்துல்லாவிடம் கற்றார். மலாய் இலக்கியத்தில் சிறப்பிடம் பெற்ற முன்ஷி அப்துல்லா, தமிழும் அறிந்தவர். நாகூரில் குடியேறித் தமிழ்ப் பெண்ணை மணந்த ஓர் அரேபியரின் வழித்தோன்றல் அவர். பிற்காலத்தில் அப்துல்லாவின் தன்வரலாற்றின் சில பகுதிகளைத் தாம்சன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1874-இல் வெளியிட்டார். ஆசிரியருக்கு மாணவர் செய்த மரியாதையாக அதைக் கொள்ளலாம்.

கப்பல்களை உடைத்த வெள்ளைப் பாறை

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், நம் தீவிலிருந்து ஏறத்தாழ 44 கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிறிய பாறைத் தீவு இருக்கிறது. அதன் நீளம் 137 மீட்டர்தான். கடற்பறவைகளின் எச்சம் படிந்து வெண்மையாகத் தோன்றியதால் போர்ச்சுகீசியர் அதற்குப் பெட்ரா பிராங்கா என்று பெயரிட்டார்கள். வெள்ளைப் பாறை என்பது அதன் பொருள். மலாய் மக்களும் அதே பொருளில் அதனைப் புலாவ் பத்து பூத்தே என்று அழைத்தார்கள்.

சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே சென்று வந்த கப்பல்கள் இந்த வழியாகவே போயின. இரவிலும் மழை மூட்டத்திலும் அந்தப் பாறை கண்ணுக்குத் தெரியாது. பல கப்பல்கள் அதன்மீதும் அதைச் சுற்றியுள்ள பாறைகள்மீதும் மோதி உடைந்தன. பல உயிர்கள் பலியாயின. இந்நிலையில், கடல்வழிகளை ஆராய்ந்து மாலுமிகளுக்கு வழிகாட்டும் நூலை எழுதிய ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் 1836-இல் காலமானார். அவர் நினைவாகச் சீனாவில் வாணிகம் செய்த வணிகர்கள் நிதி திரட்டினார்கள். அந்த நிதியோடு அரசாங்கமும் பணம் சேர்த்துக் கலங்கரை விளக்கம் ஒன்றைக் கட்ட முடிவு செய்தது. அந்தப் பொறுப்பு தாம்சனிடம் ஒப்படைக்கப்பட்டது.

தாம்சன் உடனே கட்டடத்தை எழுப்பத் தொடங்கவில்லை. முதலில் கடலைச் சோதித்தார். பாறையின் மீது செங்கற்களால் தூண்கள் கட்டி, பருவமழைக் காலம் முழுவதும் அவற்றை விட்டுவைத்தார். வடகிழக்குப் பருவக்காற்று வீசியபோது எழுந்த அலைகள் தூண்களைத் தகர்த்தன. செங்கல்லால் இங்கே நிலைக்க முடியாது என்பதை அந்தச் சோதனை தெளிவாகக் காட்டியது. அலைகளின் அடியைத் தாங்கக் கருங்கல்தான் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அந்தக் கருங்கல் புலாவ் உபினில் இருந்தது.

கல் தந்த தீவு

புலாவ் உபின், சாங்கிக்கும் ஜொகூருக்கும் இடையில் உள்ள தீவு. ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. தீவின் பெரும்பகுதி கருங்கல் பாறை. தவளையும் பன்றியும் யானையும் ஜொகூர்க் கரையை யார் முதலில் அடைவது என்று போட்டியிட்டு, தோற்று, கல்லாகிப்போயின என்பது அந்தத் தீவைப் பற்றிய பழங்கதை. தவளை அருகிலுள்ள செக்குடு தீவானது; பன்றியும் யானையும் சேர்ந்து உபின் ஆயின என்று கதை கூறும்.

கல்லைத் தேடித்தான் தாம்சன் உபினுக்குப் போனார். ஆனால், அவர் கண்கள் கல்லின் பயனை மட்டும் பார்க்கவில்லை. அங்கே ஆள் உயரத்தைக் காட்டிலும் பெரிதாக நின்ற பாறைகள் அவரை வியக்க வைத்தன. யாரோ உளி கொண்டு செதுக்கியதைப்போல, மேலிருந்து கீழாக ஆழமான வரிப்பள்ளங்கள் அந்தப் பாறைகளில் ஓடின. அவற்றைச் செதுக்கியது எந்தச் சிற்பியும் அல்ல. நெடுங்காலமாக வழிந்தோடிய மழைநீர் கருங்கல்லையும் கரைத்துத் தடம் பதித்திருந்தது. தாம்சன் அந்தக் காட்சியை 1850-இல் நீர்வண்ண ஓவியமாகத் தீட்டினார். புகைப்படக் கருவி பரவலாகாத அந்தக் காலத்தில் உபின் எப்படி இருந்தது என்பதை நமக்குக் காட்டும் அரிய பதிவு அது.

ஒரே கல்லை அவர் இரு விதமாகப் பார்த்தார். பொறியாளராக அதன் உறுதியைக் கண்டார். ஓவியராக அதன் அழகைக் கண்டார்.

நடுக்கடலில் எழுந்த கோபுரம்

1850-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் பெட்ரா பிராங்காவில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்குப் பின் நடந்த வேலை எளிதானதன்று. உபினில் வெட்டிச் செதுக்கிய கற்களைப் படகுகளில் ஏற்றிக் கிழக்கே கொண்டுசெல்ல வேண்டும். பாறையைச் சுற்றி நீரோட்டம் வேகமாக இருக்கும். அலை சற்று எழுந்தாலும் படகை அணைக்க முடியாது. பாறையில் குடிநீர் கிடையாது. அதையும் படகில்தான் கொண்டுவர வேண்டும். அந்தக் கடற்பகுதியில் கடற்கொள்ளையர் பயமும் இருந்தது. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் வேலையே நடக்காது.

சீனக் கல்தச்சர்கள், மலாய்ப் படகோட்டிகள், இந்தியர்கள் எனப் பல இனத்தவர் அந்தப் பணியில் ஈடுபட்டார்கள். பல மொழிகள் பேசிய அவர்களை ஒன்றிணைத்து வேலை வாங்குவதற்குத் தாம்சன் கற்றிருந்த மலாய் மொழி கைகொடுத்தது. வெயில் கொதிக்கும் பாறையில், ஒதுங்க நிழலின்றி, அலைகளுக்கு நடுவே அவர்கள் கல்மேல் கல் அடுக்கினார்கள். தாம்சனின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. அந்தத் தொழிலாளர்களில் பலருடைய பெயர்களை நாம் அறிய வழியில்லை. ஆயினும், அந்தக் கோபுரத்தின் ஒவ்வொரு கல்லிலும் அவர்களின் உழைப்பு இருக்கிறது.

ஏறத்தாழ 16 மாதங்களில் கோபுரம் எழுந்து நின்றது. 1851-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 15-ஆம் நாள் இரவு, ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தின் ஒளி முதன்முறையாகக் கடல்மீது பரவியது. அதுவரை இருளில் மறைந்து கப்பல்களை உடைத்த பாறை, அன்று முதல் அவற்றுக்கு வழிகாட்டத் தொடங்கியது.

அதற்குத் தாம்சன் கொடுத்த விலை பெரிது. வெயிலிலும் கடற்காற்றிலும் ஓய்வின்றி உழைத்ததால் அவருடைய உடல்நலம் கெட்டது. 1853-ஆம் ஆண்டு, 32 வயது நிறைவதற்குள்ளேயே அல்லது நிறைந்த வேளையில், தாம் நேசித்த வேலையை விட்டுவிட்டு அவர் இங்கிலாந்துக்குத் திரும்ப நேர்ந்தது.

தெற்கே தொடர்ந்த பயணம்

உடல் தேறியதும் தாம்சன் ஓய்ந்திருக்கவில்லை. 1856-இல் நியூசிலாந்துக்குச் சென்றார். அங்கே ஒட்டாகோ பகுதியின் தலைமை நில அளவையாளரானார். இன்வர்கார்கில் நகருக்கான இடத்தைத் திட்டமிட்டவர் அவரே. ஐரோப்பியர் அதிகம் அறிந்திராத மலைநாட்டில் குதிரைமீதும் கால்நடையாகவும் பயணம் செய்து அளவெடுத்தார். 3,000 மீட்டருக்கும் அதிக உயரமுடைய ஒரு சிகரத்தைத் தொலைவிலிருந்து கண்டு, அதற்கு ஆஸ்பயரிங் மலை என்று பெயர் வைத்தார். மாவோரி மக்கள் அதற்கு முன்பே அதனைத் திட்டிட்டியா என்று அழைத்து வந்தார்கள். இன்று இரண்டு பெயர்களும் வழங்குகின்றன.

1876-இல் அவர் நியூசிலாந்தின் முதல் தலைமை நில அளவை அதிகாரியாகப் பொறுப்பேற்றார். சிங்கப்பூரையும் மலாய் நாட்டையும் பற்றிய தம் அனுபவங்களை நூல்களாக எழுதினார். நினைவிலும் குறிப்புகளிலும் இருந்த சிங்கப்பூர்க் காட்சிகளை அங்கிருந்தபடியே ஓவியங்களாகவும் தீட்டினார். 1884-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், தாம் திட்டமிட்ட இன்வர்கார்கில் நகரிலேயே காலமானார். அவருடைய ஓவியங்கள் பல, நியூசிலாந்தின் டனிடின் நகரில் உள்ள ஹாக்கன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அவர் எழுதி வைத்த குறிப்புகள் நூறாண்டுகளுக்குப் பின்னரும் பயன்பட்டன. பெட்ரா பிராங்கா யாருக்கு உரியது என்று சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையே எழுந்த வழக்கை அனைத்துலக நீதிமன்றம் விசாரித்தது. அப்போது கலங்கரை விளக்கம் கட்டியதைப் பற்றித் தாம்சன் எழுதிய விவரங்களும் எடுத்துக்காட்டப்பட்டன. 2008-ஆம் ஆண்டு மே மாதம் அந்தத் தீவு சிங்கப்பூருக்கு உரியது என்று தீர்ப்பு வந்தது.

இன்று உபினில் நாம் காண்பவை

பெட்ரா பிராங்காவுக்கு நாம் நினைத்தவுடன் போய்வர முடியாது. ஆனால், அந்தக் கோபுரத்தின் கல் பிறந்த இடத்திற்குப் போகலாம். சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து சிறு படகில் ஏறினால் கால்மணி நேரத்திற்குள் புலாவ் உபினை அடைந்துவிடலாம்.

தாம்சனுக்குப் பிறகும் உபினில் நெடுங்காலம் கல் வெட்டப்பட்டது. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்திற்கும் இங்கிருந்து கல் சென்றது. குன்றுகள் குடையப்பட்டு ஆழமான பள்ளங்களாயின. 1990களின் இறுதிக்குள் கல்லுடைக்கும் தொழில் நின்றுபோனது. அதன்பின் இயற்கை மெல்ல மெல்லத் தன் வேலையைத் தொடங்கியது. பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரிகளாயின. பாறை இடுக்குகளில் மரங்கள் வேர்விட்டன. படகுத்துறைக்கு அருகிலுள்ள பெக்கான் கற்சுரங்க ஏரியில் இன்று நாரைகள் கூடு கட்டி வாழ்கின்றன.

தீவின் உயரமான இடம் புவாக்கா குன்று. அதன் உயரம் ஏறத்தாழ 75 மீட்டர். பாறைகளுக்கு இடையே நடந்து உச்சியை அடைந்தால், கீழே உபின் கற்சுரங்க ஏரி பச்சை நிறத்தில் விரிந்து கிடக்கும். அதற்கு அப்பால் ஜொகூரின் கரை தெரியும். செங்குத்தாக இறங்கும் கற்சுவர்களைப் பார்க்கும்போது, எவ்வளவு கல் இங்கிருந்து நம் நகரைக் கட்டச் சென்றிருக்கிறது என்பது புரியும்.

தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா இருக்கிறது. மணற்கரை, பாறைக்கரை, சதுப்புநிலக் காடு, கடற்புல் வெளி, பவளச் சிதைவுகள், கரையோரக் காடு என ஆறு வகை இயற்கைச் சூழல்கள் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன. ஒரு காலத்தில் அந்த இடத்தை மண்ணிட்டு நிரப்பத் திட்டமிடப்பட்டது. அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்பதை இயற்கை ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் நேரில் சென்று பார்த்துப் பதிவு செய்தார்கள். பொதுமக்களும் குரல் கொடுத்தார்கள். 2001-ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கம் அந்தத் திட்டத்தை ஒத்திவைத்தது. இன்று ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள நடைபாலத்தில் நடந்தபடி அந்த உயிர்களை நாம் காண முடிகிறது. நீர் வற்றும் நேரத்தில் நண்டுகளும் நட்சத்திர மீன்களும் கண்ணில் படும். கரையோர மரங்களில் இருவாட்சிப் பறவைகள் வந்து அமரும்.

செக் ஜாவாவைக் காத்தவர்களும் தாம்சனும் ஒரு வகையில் ஒன்றுபடுகிறார்கள். முடிவெடுப்பதற்கு முன் நேரில் சென்று உற்று நோக்கியவர்கள் அவர்கள். அலையின் வலிமையை ஊகிக்காமல், தூண்கள் கட்டிச் சோதித்துப் பார்த்ததால்தான் தாம்சன் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. சேற்றில் இறங்கி உயிர்களை எண்ணிப் பார்த்ததால்தான் செக் ஜாவா இன்றும் இருக்கிறது.

அடுத்த முறை தாம்சன் சாலையைக் கடக்கும்போது அந்த இளைஞரை நினைத்துப் பாருங்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தாருடனோ நண்பர்களுடனோ உபினுக்குச் செல்லுங்கள். மழைநீர் வரி கிழித்த ஒரு பாறையின் முன் சற்று நேரம் நில்லுங்கள். அதே தீவின் கல்தான் நடுக்கடலில் நின்று, 170 ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்களுக்கு ஒளி காட்டிக்கொண்டிருக்கிறது.